பல் படாத சட்டைக் கைகள்

வெட்டி வைத்த சட்டைக் கைகள் மூன்று நாளாக ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, தையல்காரி முதலில் சந்தேகப்பட்டது வீட்டு ரெட்ரீவர் நாய் தடியனைத்தான். ஆனால் மூன்றும் நாத்தனாரின் கட்டிலடியில் அகப்பட்டன. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பல் தடம்கூட இல்லை. நாய் கவ்வியிருந்தால் கந்தலாகியிருக்குமே!

"இதெல்லாம் இங்க எப்படி வந்துச்சு? கால் முளைச்சா?"

"சட்டைக் கைக்குக் கால் முளைக்குமா அண்ணி?"

"சிரிக்காத. உங்க அண்ணன் வரட்டும், இன்னிக்கே உன்னை ஹாஸ்டலுக்கு அனுப்பச் சொல்றேன்."

நாத்தனாரின் கண்கள் கலங்கின. அந்த நேரம் பார்த்துத் தடியன் உள்ளே வந்தான். வாயில் நான்காவது கை தொங்கியது. தையல்காரியைத் தாண்டிப் போய், அதை நாத்தனாரின் மடியில் பூப்போல வைத்துவிட்டு வாலை ஆட்டினான்.

தையல்காரி எடுத்துப் பார்த்தாள். எச்சில் ஈரம் மட்டும்தான். சுடப்பட்ட பறவையைச் சிதைக்காமல் வேட்டைக்காரரிடம் கொண்டுவந்து சேர்க்கவே இந்த இனத்தை வளர்த்தெடுத்தார்கள். பறவை கிடைக்காத வீட்டில் கண்ணில் பட்டதை, செருப்போ துணியோ, பல் படாமல் கவ்வி, தனக்குப் பிடித்தவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும்.

பிடித்தவரிடம் என்பதுதான் தையல்காரிக்கு உறுத்தியது.

"வேளா வேளைக்குச் சோறு வைக்கிறது நானு, கொண்டுவந்து குடுக்கிறது உனக்கா? உண்மையச் சொல்லு, எனக்குத் தெரியாம இவனுக்கு என்ன ஊட்டுற?"

நாத்தனார் தலையணையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதனடியில் பிஸ்கட் தாள் சரசரத்தது.