ஆண்டிபட்டியில் கேட்ட உருமி

இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனியில் குச்சனூர் லிங்கேஸ்வரனின் உருமிச் சத்தம் குச்சனூரில் நின்றுபோய், நாற்பது கிலோமீட்டர் கிழக்கே ஆண்டிபட்டியில் கேட்கத் தொடங்கியது. தோல் கிழியவில்லை, குச்சி முறியவில்லை. ஒரு கை அடித்தது, மறு கை தேய்த்தது, எதிரே நின்றவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை. அதே நேரம் ஆண்டிபட்டியில் செல்லப்பாண்டியின் தறிக்கூடத்துக்குள், கூரைக்கும் தரைக்கும் நடுவே, ஆளில்லாமல் உருமி முழங்கியது. நெசவாளிகள் முதல் வாரம் சூடம் ஏற்றினார்கள். இரண்டாம் வாரம் அந்தத் தாளத்துக்குத் தறி மிதிக்கப் பழகிவிட்டார்கள்.

சத்தமில்லாத உருமிக்குச் சாமி இறங்காது. சித்திரைச் சாமி கும்பிட்டில் ஒரு பூசாரி அரிவாளும் கையுமாக முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆடி வந்தபோது வெற்றிலை பாக்கு வைத்து லிங்கேஸ்வரனை அழைக்க ஒருவரும் இல்லை. மனைவி தேவயானிக்கோ தீராத மூச்சிளைப்பு. கடைசியாக மிஞ்சியது, நலிந்த கலைஞர்களுக்கு அரசு தரும் மாத உதவித்தொகை. அதற்குத் தேனியில் தேர்வுக்குழு முன்னால் ஐந்து நிமிடம் வாசித்துக் காட்ட வேண்டும்.

வாசித்தார். நாலாவது நிமிடத்தில் அதிகாரி ராஜமணி அம்மா பரிவாகச் சொன்னார்: “ஆரம்பிக்கலாம்ங்கய்யா.”

மறு வருஷம், தறிக்கூடத்தில் செல்லப்பாண்டி பதிவுசெய்து அனுப்பிய ஒலியையும் முப்பத்தேழு நெசவாளிகளின் கையெழுத்தையும் கொண்டுபோனார். அந்த அம்மா கெட்டவர் அல்ல. ஒவ்வொரு கையெழுத்தையும் படித்தார். ஆனால் கலைஞரும் கலையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொன்னது.

“நீங்க ஆண்டிபட்டியிலயே உக்காந்து வாசிங்க. நான் அங்க வர்றேன்” என்றார்.

அங்கேயும் கேட்காமல் போனால் எங்கே போவது என்ற பயத்தில் லிங்கேஸ்வரன் அதுவரை ஆண்டிபட்டிப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் ஆவணியில் தேவயானியால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாளைத் துணைக்கு வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

தறிகளை நிறுத்தினார்கள். லிங்கேஸ்வரன் தோள்பட்டை கழன்றுவிடும்போல அடித்தார். ஊசி விழுந்தால் கேட்கும். இருபது நிமிடம் கழித்து ராஜமணி பேனாவை மூடினார். கை நின்றால் எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததால் லிங்கேஸ்வரன் நிறுத்தவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது. செல்லப்பாண்டி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏங்க, நிறுத்திப்புடாதீக” என்றாள் தேவயானி. “இங்கன அடுப்படியில கேக்குது, சங்கிலியம்மா என்னயத் தூக்கியாந்து விட்டுச்சு. மூச்சு லேசா இருக்குங்க.”

அவள் குரலுக்குப் பின்னால் உருமி உறுமிக்கொண்டிருந்தது. ராஜமணியும் கேட்டார், வெகுநேரம் கேட்டார். பிறகு படிவத்தில், ‘ஒலி வேறிடத்தில் உள்ளது’ என்று உண்மையை எழுதி மனுவைத் தள்ளுபடி செய்தார். லிங்கேஸ்வரன் அதைப் படிக்கவில்லை. பொழுது சாயும்வரை, விரல் நுனியில் ரத்தம் கட்டியும், அடித்துக்கொண்டே இருந்தார்.

உதவித்தொகை இன்றுவரை வரவில்லை. தினமும் காலை முதல் பஸ்ஸில் அவர் ஆண்டிபட்டிக்குப் போகிறார். நண்பகல்வரை தறிக்கூடத்து மூலையில் சத்தமில்லாமல் வாசிக்கிறார், பிறகு கூலிக்கு நூல் சுற்றுகிறார். குச்சனூரில் அடுப்படிக்கு வெளியே அந்தச் சத்தம் எட்டுவதில்லை. தேவயானியின் கட்டிலை அங்கேயே போட்டிருக்கிறார்கள், நண்பகல்வரை சீராக மூச்சு விட்டுக் கேட்டபடி படுத்திருக்கிறாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வீடு திரும்பியதும், அன்றைக்கு எதெதை வாசித்தார், எங்கே தாளம் பிசகியது என்று அவள் சொல்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறார்.