பலகை வெளியே வரும் பக்கம்

டேப் சார் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் தெரியும். தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து "பாஸ்", "ரிஜெக்ட்" என்று முத்திரை குத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் சட்டைப் பையில் இருந்த அளவு டேப் போகவில்லை. கல்யாணமான புதிதில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அளந்துவிட்டுத்தான் மனுஷன் உட்கார்ந்தார் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அதெல்லாம் அப்போது. மகள் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மகள் உயிரோடுதான் இருக்கிறாள். பஸ் ஏறினால் அரை நாள் தூரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில். அப்பா தேடி, விசாரித்து, மேலும் கீழும் பார்த்துப் பாஸ் பண்ணின மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். ஒருநாள் பெட்டியோடு வந்து நின்றாள். அவளுடைய பழைய அறையில் கொஞ்ச நாள் இருந்தாள். பிறகு அப்பாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போய், "அனுசரிச்சுப் போகணும்மா" என்று சொல்லி, அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். அவள் அங்கேயும் இருக்கவில்லை, இங்கேயும் வரவில்லை.

அம்மா மட்டும் அந்த அறையைக் கூட்டிப் பெருக்கி, போர்வையை உதறி விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். என்றைக்காவது மகள் வந்து கதவைத் தட்டினால், எங்கே படுப்பது என்ற கேள்வி மட்டும் வரக்கூடாது. அவ்வளவுதான் அம்மாவுக்கு வேண்டியது.

இப்படி இருக்கும்போதுதான் டேப் சாருக்கு மரவேலை ஆசை வந்தது. பின்னால் இருந்த சாமான் அறையை ஒழித்துப் பட்டறையாக்கப் போகிறாராம். மேஜை ரம்பம் ஒன்று வாங்கப் போகிறாராம். முதல் வேலையாகச் சமையலறைக்குக் கதவு வைத்த அலமாரி. மனைவிக்கும் சம்மதம்தான். டிவி முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு மரத்தூளில் நிற்கட்டுமே.

கடைக்கு அவளையும் அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரப் பையன் மடக்குக் கால் வைத்த சின்ன மெஷினைக் காட்டினான்.

"வீட்டுக்குன்னா இது போதும் சார். சக்கரம் இருக்கு. வெளிய தள்ளிட்டுப் போய் அறுக்கலாம், முடிஞ்சதும் உள்ள தள்ளிடலாம். மேடமே தள்ளலாம்."

"நான் இவரத் தள்றதே பெரும்பாடு" என்றாள் அவள். பையன் சிரித்தான். டேப் சார் சிரிக்கவில்லை. அவர் கண் மூலையில் நின்ற பெரிய மெஷின் மேல் இருந்தது. வார்ப்பிரும்பு மேஜை. நாலு பேர் தூக்க வேண்டிய கனம். பையன் அதை ஓடவிட்டு, மேஜைமேல் ஒரு நாணயத்தை நிமிர்த்தி வைத்தான். பிளேடு உறுமிச் சுற்றியது; நாணயம் ஆடாமல் நின்றது.

"பாத்தியா?" என்றார் அவளிடம். "அதிர்வே இல்ல. அந்தச் சின்னது தகர டப்பா."

டேப்பை உருவினார். மேஜையின் நீளம், அகலம், தரையிலிருந்து உயரம், எல்லாம் அளந்தார். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு ஆடுகிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். அந்தத் தகடு இல்லாவிட்டால் அறுபட்ட மரம் பிளேடைக் கவ்வி ஆள்மேல் எகிறும் என்று பையனுக்கே பாடம் எடுத்தார்.

"ரூம் எவ்ளோ பெருசு சார்?" என்று பையன் கேட்டான். "இது இடம் கேக்கும்."

"அதெல்லாம் அளந்தாச்சு" என்றார்.

மெஷின் வந்து இறங்கியது. பொருத்துவதற்குப் பக்கத்துத் தெரு தச்சு மேஸ்திரியைக் கூப்பிட்டிருந்தார். வாய் ஓயாத ஆள். உள்ளே வந்ததுமே, "என்ன சார், பீரங்கிய வாங்கி வச்சிருக்கீங்க, யார் மேல படையெடுப்பு?" என்றார்.

இரண்டு பேரும் காலையிலிருந்து அதோடு மல்லுக்கட்டினார்கள். கால்களுக்கு அடியில் தகடு சொருகி மட்டம் பார்த்தார்கள். பிளேடில் ஒரு பல்லுக்கு மை தடவி, அதே பல்லை முன்னால் வைத்து ஒரு அளவு, பின்னால் திருப்பி வைத்து ஒரு அளவு எடுத்தார்கள். பலகை ஒட்டிக்கொண்டு ஓட வேண்டிய தடுப்புச் சட்டம் பிளேடுக்கு நேர் இணையாக நிற்க வேண்டுமாம். ஒரு மயிரிழை கோணல் இருந்தது. மேஸ்திரி "போதும் சார், அறுக்கப்போறது மரம், வைரம் இல்ல" என்றார். டேப் சார் விடவில்லை. திருகைத் தளர்த்தி, தட்டி, இறுக்கி, மறுபடி தளர்த்தி. டீ ஆறிப்போய் அவள் இரண்டாவது தடவை சுடவைத்துக் கொடுத்தாள்.

கடைசியில் மேஸ்திரி அலமாரிக்கு வாங்கிய நீளப் பலகை ஒன்றைத் தூக்கி, மெஷினை ஓடவிடாமலே மேஜைமேல் தள்ளிப் பார்த்தார். பாதிகூடப் போகவில்லை. பலகையின் மூக்கு எதிர்ச்சுவரில் முட்டியது.

"சார்... பலகை எங்க போகும்?"

டேப் சார் டேப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேஸ்திரி அவள் பக்கம் திரும்பினார். "மெஷினுக்கு இடம் இருந்தா மட்டும் பத்தாதுக்கா. பலகை எவ்ளோ நீளமோ அவ்ளோ இடம் முன்னாடி வேணும், அறுத்து வெளிய வர அவ்ளோ இடம் பின்னாடியும் வேணும். இங்க பின்னாடி செவரு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்பு. "உலகத்தையே அளந்தவரு பலகைய அளக்க மறந்துட்டாரு!"

"கவலப்படாதீங்க" என்றார் மேஸ்திரி. "மெஷினை அப்படியே பின்வாசல் பக்கம் திருப்பிப் போட்டுடலாம். கதவத் தொறந்தா பலகை பாட்டுக்குத் தோட்டத்துக்குப் போகும்."

"வேணாம்" என்றார் டேப் சார். "அந்தப் பக்கம் தரை சாய்வு. மழை அடிச்சா துரு ஏறும். செவத்துல ஒரு ஓட்ட போட்டா முடிஞ்சுது. பலகை அந்தப் பக்கம் போகட்டும்."

அந்தப் பக்கம் மகளின் அறை.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. டீ கிளாசை ஜன்னலில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு மகளின் அறைக்குப் போனாள். பொதுச் சுவர் வெறுமையாக இருந்தது. அங்கே நின்ற பீரோவை, ஈரம் ஏறுகிறது என்று சொல்லி, அவர்தான் ஆள் வைத்து எதிர்ப்பக்கம் நகர்த்தியிருந்தார். கடைக்குப் போவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே. பின்னாடியே வந்த மேஸ்திரி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஈரமா? எலும்பு மாதிரி காஞ்சு கெடக்கு. அக்கா, சாரு ஒரு திருகு வாங்கினாலே ரெண்டு தடவ அளக்கிறவரு. அவரு போயி பலகைய மறந்து..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவளும் பார்த்துவிட்டாள். இடுப்பு உயரத்தில், பென்சிலால், லேசாக ஒரு கட்டம். ஒரு பலகை தாராளமாக நுழைகிற அகலம். கோடுகள் நாலும் ரொம்ப நேராக இருந்தன.

மேஸ்திரி சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் வெளிக் கதவைச் சாத்தும் வரை அவள் பொறுத்திருந்தாள்.

"அவ வந்தா எங்க படுப்பா?"

"யாரு வரா?" டேப் சார் பிளேடைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அவ வரக்கூடாதுன்னுதானே இத வாங்கினீங்க?"

"மரம் அறுக்க வாங்கினேன்."

"மரம் அறுக்க அந்தச் சின்னது போதும்னு கடைப் பையன் சொன்னானே!"

"கட்டிக்குடுத்த எடத்துல இருக்கத் தெரியாதவளுக்கு இங்க ரூம் எதுக்கு? நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் பாஸ் பண்ணினது சொத்தைனு சொல்லுங்க. வாயில முத்து உதிர்ந்துடாது. அந்தச் சட்டத்துக்கும் பிளேடுக்கும் நடுவுல மயிரிழை கோணல் உங்களுக்குப் பொறுக்கல. பொண்ணு கன்னத்துல கைத்தடம் இருந்துச்சே, அது கண்ணுல படலையா?"

அவர் துணியை உதறி மடித்தார். "காலைல கொத்தனார் வராரு. அந்த ரூம்ல தூசு அடிக்கும். படுக்கையச் சுருட்டி வை."

மறுநாள் கொத்தனார் உளி வைத்ததும் அவள் சமையலறைக்குள் போய் மகளுக்குப் போன் பண்ணினாள்.

"பாப்பா, இந்த லீவுக்கு வந்துட்டுப் போயேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

"அப்பா கூப்பிட்டாரா?"

"நான் கூப்பிடறேனே, பத்தாதா?"

"பத்தாதும்மா. என்னம்மா அங்க சத்தம்? வீடு இடிக்கிற மாதிரி?"

அவளுக்கு மறைக்கத் தெரியவில்லை. சொன்னாள். அந்தப் பக்கம் மகள் சின்னதாகச் சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

"போடட்டும்மா. எனக்கென்ன? நான் வந்தா அவரு என் மூஞ்சியப் பாக்கணும். அதுக்கு ரம்பத்தப் பாக்கிறது அவருக்குச் சுலபம். நீ எதுக்கு அந்த ரூமக் கட்டிக்கிட்டு அழற? நான் வரலம்மா. போர்வைய எடுத்து மடிச்சு வச்சிடு."

போனை வைத்துவிட்டு அவள் அடுப்பை அணைத்தாள். மடித்துதான் வைக்கலாம் என்று அறைக்குப் போனாள். போர்வைமேல் செங்கல் தூள் செக்கச்செவேல் என்று படிந்திருந்தது. அதை உதறவே அவளுக்குக் கை வரவில்லை.

கொத்தனார் கூலி வாங்கிக்கொண்டு போனார். டேப் சார் குளிக்கப் போனார். அவள் பீரோவைத் திறந்து மகளின் துணிகளைக் கட்டிலில் அள்ளிப் போட்டாள். காலிப் பீரோவுக்குக் கீழே பழைய சாக்கு ஒன்றைச் சொருகி, முதுகைக் கொடுத்துத் தள்ளினாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்ந்தது. அது தன் பழைய இடத்தில் போய் நின்றதும் துணிகளைத் திரும்ப அடுக்கினாள். தன் புடவைகளையும் கொண்டுவந்து கீழ்த் தட்டில் திணித்தாள், கனத்துக்காக. பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

டேப் சார் எதையும் ஒத்திகை பார்க்காமல் செய்யமாட்டார். குளித்துவிட்டு வந்து, மெஷினை ஓடவிடாமல் பலகையை மட்டும் மேஜைமேல் வைத்து மெல்லத் தள்ளினார். பலகை ஓட்டைக்குள் நுழைந்தது. டங் என்று தகரத்தில் இடித்தது.

மறுபடி தள்ளினார். டங்.

சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது ஏன் இங்க வந்துச்சு?"

"ஈரம்னு நகத்தினீங்க. காஞ்சிடுச்சு."

"வெளயாடறியா? அவ வரமாட்டேன்னு சொல்லிட்டா இல்ல? உன் மூஞ்சியே சொல்லுதே."

"ஆமா, சொல்லிட்டா."

"அப்புறம் எதுக்கு?"

"அவளா வரமாட்டேன்னு சொல்றது வேற. வந்தா எடமில்லன்னு ஆக்கறது வேற. அவ வந்தா நான் எந்திரிச்சு எடம் குடுப்பேன். பலகைக்கெல்லாம் குடுக்க முடியாது."

அவர் பீரோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நகர்த்துவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அந்த வீட்டில் இருந்த இன்னொரு ஆள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க படுக்கப்போற?"

"இங்கதான்."

அவர் போய்விட்டார். மெஷினைத் திருப்பிப் போடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். தரை சாய்வுக்கு ஒரு கட்டை கொடுத்தால் தீர்ந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். ஆனால் பட்டறையிலிருந்து கை ரம்பத்தின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அலமாரிக்கு வாங்கின நல்ல பலகைகளை நடுவில் கோடு போட்டு, ஒவ்வொன்றாகக் கையாலேயே இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாதித் துண்டுகளில் நினைத்த அலமாரி வராது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வெட்டினார். வெட்டினதும் டேப்பை வைத்து இரண்டு பாதியையும் அளந்தார். இரண்டும் சமமாகத்தான் இருந்திருக்க வேண்டும். திருப்தியோடு அடுக்கினார்.

பிறகு பெரிய மெஷினை ஓடவிட்டு, அந்தப் பாதித் துண்டுகளை அறுக்க ஆரம்பித்தார். பீரோவின் இடுக்கு வழியாக மரத்தூள் மெல்லிசாக அறைக்குள் வந்துகொண்டே இருந்தது. அவள் ஒரு பழைய துணியை நனைத்துப் பிழிந்து, இடுக்கில் வைத்து அடைத்தாள்.