பூரணி கையெழுத்திட்ட கடிதம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தலையில் விழுந்தது. மலையகத்து நோர்வூட்டில் இருக்கும் என் போட்டோகொப்பிக் கடைக்குப் போன மாதம் மீனம்மா வந்தார். அவருடைய மகள் பூரணி மொழிபெயர்ப்பில் பட்டம் பெற்றவள். அவர்களுடைய தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து கம்பஸுக்குப் போன முதல் பிள்ளை. பட்டத்துக்குப் பிறகு அவளுக்குத் தாதியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்திருப்பது ஊருக்கே தெரியும். வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன்.

"தம்பி, எம்புள்ள அங்க வரலன்னு சிங்களத்துல ஒரு கடிதாசி எழுதிக் குடுங்க. அவளே எழுதுற மாதிரி."

திறந்த வாயை மூட மறந்துபோனேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி இறங்கிய ஒரு காலையில், பட்டச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டிவிட்டு, வெள்ளைச் சீருடையைக் கனவு கண்டபடி பூரணி' — வேண்டாம். அவள் எந்தக் கனவும் காணவில்லை.

அடுத்த தடவை மீனம்மாவைக் கெட்டவராக்கினேன். டிகிரி முடித்த மகள் டீச்சராகத்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தாய். அதுவும் பொய். உண்மைக் காரணத்தை அவரே சொன்னார்.

3

இரண்டு வருடங்களுக்கு முன் அவர் கணவர் சின்னராசாவை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். (எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன்.) மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் வெளியே வந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். மீனம்மாவுக்கு விளங்கவில்லை. கஞ்சி கொண்டுவரலாமா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தாதிக்கும் தமிழ் தெரியாது; பூரணியைப் பார்த்தார். நான்கு வருடம் மொழிபெயர்ப்புப் படித்தவள், மூன்றே சொல்லில் சொன்னாள்.

"அப்பா இல்லம்மா இனி."

என்னிடம் இதைச் சொல்லும்போதும் மீனம்மாவின் முகம் அந்த ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தது.

"எம்புருசன் செத்தத எம்புள்ள வாயால கேட்டேன் தம்பி. இனி தெனமும் யாருக்காவது அவ அதச் சொல்லணுமா?"

(பூரணி விண்ணப்பம் போட்டதும் அதே மத்தியானத்தால்தான். தமிழில் சொல்ல அங்கே ஒருவர் இருக்கவேண்டும் என்பதற்காக. உயர்தரத்தில் படித்த உயிரியல் கைகொடுத்தது. வயதெல்லைக்கு மூன்றே மாதம் இருந்தது.)

கடிதத்தை எழுதிக்கொடுத்தேன். கொடுத்திருக்கக்கூடாது.

4

கையெழுத்து வேண்டுமே. மீனம்மாவுக்குக் கள்ளக் கையெழுத்துப் போடத் தெரியாது. மகளிடமே நீட்டினார்.

பூரணி நின்றபடியே படித்தாள். (இங்கே அவள் கடிதத்தைக் கிழிப்பதாக மூன்று தடவை எழுதினேன். அவள் கிழிக்கவில்லை.) என் சிங்களத்திலிருந்த ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டாள்.

"ஒனக்கு வேணாம்னா நான் போகலம்மா. ஆனா தபால்ல நீதான் போடணும்."

சண்டைக்குத் தயாராக இருந்த மீனம்மா திகைத்துப்போனார். கையிலிருந்த கடிதம் திடீரென்று அவருடையதாகிவிட்டது. மறுநாள் காலை தோட்டத்தில் பேர் கொடுக்கும் வேலைப் பெரட்டுக்குப் போகாமல் தபாற்கந்தோருக்கு நடந்தார்.

5

இரண்டு நாள் கழித்து மறுபடி கடைக்கு வந்தார்.

"போட்டுட்டேன் தம்பி."

கதிரையை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அன்னிக்கு வேற யாரு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். அவ என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு சொன்னதாலதான் கீழ விழாம நின்னேன். தபால் பொட்டிக்குள்ள கடிதாசிய விட்ட பெறகுதான் அது நெனப்புக்கு வருது. நான் என்ன பண்ணித் தொலச்சுட்டேன்?"

கல்லூரிக்கு நான்கு தடவை போனில் அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"முந்தின கடிதாசிய பார்க்காதீங்கன்னு இன்னொன்னு எழுதுங்க."

எழுதினேன். பூரணி அதிலும் கையெழுத்துப் போட்டாள். அன்றே அதுவும் தபாலில் போனது.

6

இன்று காலை பூரணி பெட்டியோடு கல்லூரிக்கு பஸ் ஏறினாள். மீனம்மாவும் கூடவே ஏறினார். "நாந்தானே போட்டேன், நானே சொல்றேன்" என்றார். எந்த மொழியில் என்று நான் கேட்கவில்லை.

'எழுத்தர் கோப்பைத் திறந்தார். மேலே இருந்தது இரண்டாவது' — அடித்துவிட்டேன்.

'இந்த இடத்தை நேற்றே வேறொருவருக்கு' — இதையும்.

இரண்டு கடிதங்களையும் எழுதியவன் நான். மூன்றாவதாக ஒரு வரி எழுதக் கை வரவில்லை. இந்நேரம் ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் மீனம்மா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் வாயைத் திறந்திருப்பார். மேசைக்கு அந்தப் பக்கம் உங்களை உட்காரவைத்துவிட்டு நான் எழுந்துகொள்கிறேன்.