இரண்டு வண்டிக்கும் ஒரே முதலாளி

முன்பெல்லாம் எங்கள் பக்கம் பஸ் என்றால் இரண்டே நிறம்தான். பச்சைக் கம்பெனி ஒன்று, சிவப்புக் கம்பெனி ஒன்று. பச்சையை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். சிவப்பை ஓட்டியவன் என் கூடப்பிறந்த அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து ரயிலடி வரைக்கும் இரண்டு வண்டிக்கும் ஒரே ரோடு. எவன் முந்திப் போகிறானோ அவனுக்குத்தான் கூட்டம். கூட்டம் ஏறினால்தான் டிரைவருக்குப் படிக்காசு. அதனால் உறவெல்லாம் வீட்டோடு சரி. ரோட்டில் இரண்டு பேரும் ஜென்ம விரோதிகள். என் கல்யாணத்தன்றைக்கே அண்ணன், "மாப்ள, நேத்து வளைவுல என்னை ஒதுக்கினீங்களே, அது நியாயமா?" என்றுதான் பேச்சை ஆரம்பித்தான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

பிறகு அரசாங்கம் பஸ்களையெல்லாம் எடுத்துக்கொண்டது. பச்சையும் போயிற்று, சிவப்பும் போயிற்று, எல்லா வண்டிக்கும் ஒரே நீலம். ஜனங்கள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "இது பச்சையாப்பா, சிவப்பா?" என்று கண்டக்டரைப் பிடுங்கி எடுத்தார்கள். டிரைவர்களுக்கு மாதச் சம்பளம், காக்கிச் சட்டை. அந்தச் சட்டைகளைத் தைக்கிற வேலை ஆஸ்பத்திரி ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் தையல் கடைக்கு வந்தது. நான் அங்கேதான் மெஷின் மிதிக்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் அண்ணனுக்கும் ஒரே அளவு. ஒருவர் சட்டையை இன்னொருவர் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு பொருத்தம்.

வண்டி காலியாக ஓடினாலும் அதே சம்பளம், பிதுங்கி வழிந்தாலும் அதே சம்பளம். நேரத்துக்குக் கிளம்ப வேண்டும், ஸ்டாப்பில் நிற்க வேண்டும், முன்னால் போகிற வண்டியை முந்தக் கூடாது. இதைவிடச் சுகம் என்ன வேண்டும்? ஆனால் இந்த இரண்டு மகராசன்களுக்கும் அது காதில் ஏறியது, காலில் இறங்கவில்லை. முன்னால் ஒரு வண்டியின் முதுகு தெரிந்தால் போதும், பாதம் தானாக அழுத்தும். யாரை முந்துகிறோம், எதற்கு முந்துகிறோம் என்று ஒரு யோசனை கிடையாது. "ரெண்டு வண்டிக்கும் ஒரே முதலாளிதானே, யாரோட வசூலை யார் அடிக்கிறீங்க?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டேன். "உனக்குத் தெரியாது, சும்மா இரு" என்றார். எனக்கா தெரியாது! பச்சைக்கு வாழ்க்கைப்பட்ட சிவப்பு வீட்டுப் பெண் நான்.

டிப்போ மேனேஜர் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். எல்லோரையும் ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்கள். இன்னொரு தடவை பந்தயம் ஓட்டிப் புகார் வந்தால், எவன் பின்னாலிருந்து முந்தினானோ அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. அங்கே அண்ணிக்கு நிறைமாதம். யார் வேலை போனாலும் என் வீடுதான் இடியும், அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ.

அன்றைக்குக் காலையிலிருந்தே மனசு சரியில்லை. தையல் கோணிக்கொண்டே போயிற்று. ஒரு காலரைப் பிரித்தேன், திரும்பத் தைத்தேன், மறுபடியும் பிரித்தேன். ஹாரன் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவேன், வேறு வண்டியாக இருக்கும், திரும்புவேன். "ஏம்மா, மெஷின்ல முள்ளா இருக்கு?" என்றார் டைலர். "இருக்கு அண்ணே, ரெண்டு முள்ளு" என்றேன். அவருக்குப் புரிந்தது, கத்தரியை எடுத்துக்கொண்டார்.

பதினோரு மணி வாக்கில் அண்ணன் வண்டி வருவது தெரிந்தது. அது அவன் நேரம்தான். ஸ்டாப்பை நோக்கி ஓரங்கட்டிக்கொண்டிருந்தான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அதன் பின்னாலேயே இன்னொரு நீலம். ஐயோ, இவர் ஏன் இப்போதே வருகிறார்? இவருக்கு இன்னும் நேரம் கிடக்கிறதே! நான் வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். யார் பார்த்தார்கள்? கண் மண் தெரியாமல் வலப்பக்கமாக ஏறி, அண்ணன் வண்டியைத் தாண்டி, ஸ்டாப்புக்கு முன்னால் படாரென்று குறுக்கே மடக்கினார். அண்ணன் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. அவன் வண்டியின் மூக்கு இவர் வண்டியின் பின்பக்கம் மோதியது. அண்ணன் வண்டிக்குள் நின்றுகொண்டிருந்த வாத்தியார் ஒருவர் கம்பியில் இடித்துக்கொண்டு நெற்றியெல்லாம் ரத்தம். நல்ல வேளை, எதிரே ஆஸ்பத்திரி. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் திட்டிக்கொண்டே இறங்கி அடுத்த வண்டிக்குக் கலைந்துவிட்டார்கள்.

நான் ரோட்டைத் தாண்டி ஓடி வருவதற்குள் செக்கிங் இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். பார்த்தால் என்ன தெரியும்? முன்னால் நிற்பது இவர் வண்டி, பின்னால் வந்து இடித்தது போல் நிற்பது அண்ணன் வண்டி. கண்டக்டர்கள் இரண்டு பேரையும் கேட்டார். ஒருவன் சில்லறை பார்த்துக்கொண்டிருந்தானாம், இன்னொருவன் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தானாம். கள்ளப் பயல்கள்.

"யார்ப்பா முந்தப் பார்த்தது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அண்ணன் ஒரு அடி முன்னால் வந்தான். "நான்தான் சார். மாப்பிள்ளை வண்டி முன்னாடியே போயிருச்சு. நான்தான் பின்னாலேர்ந்து விரட்டி வந்து இடிச்சிட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். தலையை லேசாக ஆட்டினான், நீ சும்மா இரு என்கிற மாதிரி. என் பிள்ளைகளுக்காக அவன் தன் பிள்ளையின் சோற்றில் கை வைக்கிறான். அது இன்னும் பிறக்கவேயில்லை.

நான் இவரைப் பார்த்தேன். பேசுங்கள். இவர் சட்டையில் கையைத் துடைத்தார். தரையைப் பார்த்தார். உதட்டை ஈரப்படுத்தினார். பேசுங்களேன் ஐயா, வாயில் என்ன பூட்டா போட்டிருக்கிறது? இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து அண்ணனிடம் லைசென்ஸைக் கேட்டார். அண்ணன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை, குறுக்கே போய் நின்றேன்.

"சார், அவன் பொய் சொல்றான். அவன் ஸ்டாப்புல ஒழுங்காத்தான் ஒதுங்கினான். பின்னாலேர்ந்து வந்து குறுக்கே மடக்கினது இவர். நான் கடை வாசல்ல நின்னு கண்ணால பார்த்தேன்."

"நீங்க யாரும்மா?"

"இவர் பொண்டாட்டி. அவன் தங்கச்சி."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். பிறகு இவரைப் பார்த்து, "நிஜமாப்பா?" என்றார். இவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். "உன்னை யாருடி கேட்டா?" என்று அண்ணன் நடுரோட்டில் என்மேல் பாய்ந்தான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அவன்மேல், இவர்மேல், என்மேலும்.

டிப்போவில் இவரிடம் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டில் காத்திருந்தேன். பஸ்ஸில் ஏற இவருக்குப் பிடிக்கவில்லை, நடந்தோம். வழியெல்லாம் நானே பேசினேன். லாரி ஆபீஸில் கேட்கலாம், டைலரிடம் எனக்குக் கூடுதல் வேலை கேட்கிறேன், பெரியவனுடைய ஸ்கூல் ஃபீஸை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இவர் ஒவ்வொரு பஸ் தாண்டும்போதும் ஓரமாக ஒதுங்கி நின்று, அது போன பிறகே நடந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல" என்றார்.

"தப்புன்னு சொன்னா நான் கேட்டுக்கிட்டு இருப்பேனா? எங்க அண்ணனை அங்க நிக்க வச்சிட்டு வேடிக்கை பார்த்தீங்களே!"

"வேடிக்கை பார்க்கல. சொல்றதுக்குத்தான் வாயெடுத்தேன். இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்டி."

பொய்யும் பேசுகிறீர்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவர் முகமாக இல்லை. உண்மை சொல்கிறவர் முகமாகவும் இல்லை. நான் டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன். பிறகு அதையே இன்னொரு தடவை கழுவினேன்.

யார் கேட்டாலும் நான் சொன்னது சொன்னதுதான். இன்றைக்குக் கூப்பிட்டுக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் இரவில் பக்கத்தில் படுத்திருக்கிற மனுஷன் நல்லவனா, கோழையா என்று எனக்குத் தெரிந்திருக்கக்கூடிய அந்த ஒரு நிமிஷத்தை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. இனிமேல் அதை யாரிடம் போய்க் கேட்பேன்?