உடையாத கால்

சோழபுரத்துக்குப் போகிற வழியில் பன்றி குறுக்கே ஓடி, என் வீட்டுக்காரர் பைக்கோடு விழுந்து இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு நாற்காலியில்தான் தூக்கம். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி. எலும்புக்குள் கம்பி வைத்து ஆபரேஷனும் முடிந்துவிட்டது. மெத்தையில் படுத்திருக்கிறவர் ஃபேன் சத்தம் போடுகிறது என்று குறை சொல்கிறார். எனக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

அவர் பெயர் பாண்டிதுரை. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்பது போலத்தான் நடந்துகொள்வார். தினமும் காலையில் நர்ஸ் யுவராணி வந்து, "கால்ல வலி, வீக்கம் எதுவும் இருக்காய்யா?" என்று கேட்பாள். "ஒண்ணும் இல்லம்மா" என்று விறைப்பாகப் பதில் வரும்.

முதல் நாளே அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "தொடை எலும்பு ஒடிஞ்சு படுத்தே கெடந்தா, காலுக்குள்ள ரத்தம் ஒறஞ்சு கட்டியாயிரும்க்கா. எண்ணெ போட்டு நீவுனா அது எடம் பேந்து நுரையீரல்ல போயி அடச்சுக்கிடும். உசுருக்கே ஆபத்து. யாரையும் தேய்க்க விடாதீங்க."

எங்கள் பக்கம் எலும்பு முறிந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் தைலம் இல்லாமல் வந்தால் அதையே ஒரு குறையாகப் பேசுவார்கள். தேவதானத்திலிருந்து அவருடைய அக்கா வெள்ளத்தாய் பெரிய பாட்டிலோடு வந்தார். வந்ததும் போர்வையை விலக்கினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஏட்டி, எந்தம்பி கால நான் தொடக்கூடாதுங்கியா?"

"தொடுங்க மதினி. தேய்க்க மட்டும் வேண்டாம். ரத்தக்கட்டி பேந்துட்டா உசுருக்கு ஆபத்தாம்."

"ஊர்ல ஒடிஞ்ச காலெல்லாம் தேய்க்காமத்தான் சரியாச்சாக்கும்!"

வாங்கி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அக்காவும் பெண்டாட்டியும் முட்டிக்கொண்டதை என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சொந்தத்தைப் பகைத்துக்கொண்டது நான்தான்.

அன்றைக்கு மத்தியானம் வார்டு அடங்கினதும், "ஏட்டி மாரி, வலது காலு மரத்துக் கெடக்கு. செத்த நேரம் அமுக்கி விடேன்" என்றார். உடையாத கால்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அமுக்கினேன். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். உள்ளதைச் சொன்னால், அந்த நேரம் எனக்கும் பிடித்திருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து லீவுக்கு வருவதும் பெட்டியைத் தூக்குவதுமாகவே இருந்த மனுஷன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை படுகிற மாதிரி எங்களுக்குள் அதிகம் இருந்ததில்லை.

இன்று அமுக்கும்போது கெண்டைக்கால் கொதித்தது. தோல் விம்மி, விரல் வைத்த இடம் பள்ளமாகவே நின்றது. யுவராணியைக் கூப்பிட ஓடினேன். பெரிய டாக்டர் வந்து இரண்டு கெண்டைக்காலையும் டேப்பால் அளந்தார். வலதுதான் பருத்திருந்தது.

"ஒடிஞ்ச கால்லதான் கட்டி வரணும்னு இல்லம்மா. எந்தக் கால்லயும் வரும். உடனே ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்" என்றார். அங்கே ஸ்கேன் டாக்டர் லீவாம். ஆம்புலன்ஸில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார்கள்.

வண்டி குலுங்கின போதெல்லாம் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தேன். இந்தக் குலுக்கலில் கட்டி பேந்துவிட்டால்? மதினியைத் தடுத்த நானே இந்த ஆளைக் கொன்றுவிடுவேனோ என்று பயந்தேன். அவரோ கண்ணாடி வழியாகப் போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேன் டாக்டர் நடுவயதுப் பெண். காலில் பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி அழுத்தித் திரையைப் பார்த்தார். "முட்டிக்கு மேல வரைக்கும் ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

அவருடைய 'இல்ல'வை இனிமேல் எவள் நம்புவாள்? ரத்தத்தில் மூச்சுக்காற்று எவ்வளவு என்று காட்டுகிற கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்து, நல்லவேளை, கட்டி நுரையீரலுக்குப் போன மாதிரி தெரியவில்லை என்று டாக்டரே சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ரத்தம் மேலும் உறையாமலிருக்க இன்றைக்கே ஊசி ஆரம்பிக்கணும் என்றார்.

"இந்தக் கால யாராவது அமுக்குனீங்களா?"

"நான்தான் டாக்டர். தெனமும்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "அமுக்கும்போது வலிச்சிருக்குமே?"

அவர் மேலே பார்த்துக்கொண்டு, "வலிச்சுச்சு" என்றார்.

"எம்புட்டு நாளா?" என்றேன் நான்.

"அக்கா வந்துட்டுப் போன அன்னைலேர்ந்து."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன? அந்த நர்ஸ் பிள்ள தெனமும் வந்து கேட்டுச்சுல்ல? தேய்க்கக்கூடாதுன்னு நான் மதினிகிட்ட மல்லுக்கட்டுனதையும் கேட்டுக்கிட்டுத்தான கெடந்தீங்க?"

முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

"சொன்னா நீ அமுக்க மாட்டியே."

டாக்டர் குனிந்து பசையைத் துடைக்க ஆரம்பித்தார். அந்த மனுஷனைத் திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. காலைத் தொடக்கூடாது என்பதால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.