தட்டினால் விட வேண்டும்

டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஜியு-ஜிட்சு வகுப்பு. குத்து, உதை எதுவும் கிடையாது. எதிராளியைத் தரையில் சாய்த்து, கைமூட்டையோ கழுத்தையோ பூட்டிவிடுவதுதான் வித்தை. பலமில்லாதவளும் பலசாலியை மடக்கலாம் என்றார் பயிற்சியாளர். துணிக்கடையில் நாளெல்லாம் துணி மடிக்கிற எனக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

புதியவர்களுக்கான இலவச அறிமுக வகுப்புக்கு அக்காவைக் கூப்பிட்டேன். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிறவள். ஏன் என்று எனக்குத் தெரியும். அவள் புருஷன் தனியாக விடுவானா? பின்னாலேயே வந்து, மெத்தை ஓரத்தில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

பயிற்சியாளர் முதலில் சொல்லிக்கொடுத்தது பிடியை அல்ல.

"வலிச்சாலோ மூச்சு முட்டினாலோ உள்ளங்கையால தட்டுங்க. ஆள் மேலயோ, தரையிலயோ. தட்டினா அந்த நொடியே விட்டுடணும். விடாதவங்களுக்கு இங்க இடமில்ல."

நான் அக்காவின் கழுத்தை வளைத்தேன். தட்டினாள், விட்டேன். நம்பாமல் மறுபடி பிடிக்கச் சொன்னாள். தட்டினாள், விட்டேன். வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலம்!

"கட்டிப் புரள்றதுக்கு ஒரு கிளாஸா?" என்றான் அவன். அதோடு அக்காவின் வகுப்புக்கு முழுக்குப் போட்டாயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போயிடுடி." அவ்வளவுதான். ஓடினேன்.

அவள் வீட்டு நடையில் பையோடு நின்றிருந்தாள். அவன் பையைப் பிடுங்கி அவளை அறைந்தான். பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்துச் சாய்த்தேன். அந்தக் குறுகலான நடையில் இருவரும் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தோம்.

"தாண்டிப் போக்கா! போ!"

அவளுக்குக் கால் வரவில்லை. சுவரோடு சுவராக நின்றாள். அவன் முகம் சிவந்து கறுத்தது. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் போதும், மயங்கியிருப்பான்.

தரையில் தட்டினான்.

என் கை விட்டுவிட்டது. நான் விடவில்லை, கை விட்டது. வருஷக்கணக்கில் மெத்தையில் பழகிய பாழாய்ப்போன பழக்கம்.

இருமிக்கொண்டே எழுந்தவன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்து, வாசலுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டான். "நீங்க சொல்லிக்குடுத்ததுதானேடி!" என்று உள்ளேயிருந்து சிரித்தான்.

தோளால் கதவில் மோதினேன். அக்கம்பக்கத்தாரைக் கூவினேன். ஓர் ஆள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். குடும்பச் சண்டையாம்!

உள்ளே ஏதோ உருண்டது. அதன்பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. தரையில் ஓர் உள்ளங்கை. மெதுவாக, விட்டு விட்டு. அவனுடைய கனமான கை இல்லை.

ஒரே ஒரு வகுப்பில் அக்கா கற்றுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

"அவ தட்டுறாடா! விடுடா!" என்று கதவில் மோதிக்கொண்டே கத்தினேன், அந்த விதி அவனுக்கும் உண்டு என்பதுபோல.