ஆறு மணிக் கட்டம்

மறைமலை நகரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் பதினான்கு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். ஒரு துண்டைக்கூடக் கண்ணால் பார்க்காமல் டிக் போட்டதில்லை. ஒருமுறை சூப்பர்வைசர் அவசரப்படுத்தினான் என்று, "அப்போ நீயே போடு, உன் பேரை எழுதிக்கோ" என்று பேனாவை அவன் மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவள். செல்வமேரிக்கு வாய் நீளம் என்று லைன் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே என்று இருந்தேன்.

காண்ட்ராக்ட் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் முதியோர் பராமரிப்புக்குச் சேர்ந்தேன். மூன்று மாதம். ரேஷ்மா மேடம் என்று ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தார். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அழுந்துகிற இடத்தில் ரத்தம் ஓடாமல் தோல் செத்துவிடும் என்றார். "சிவப்பா தெரிஞ்சா விரலால அழுத்திப் பாருங்க. விரலை எடுத்ததும் வெளுத்துட்டுத் திரும்பச் சிவந்தா பயமில்ல. வெளுக்கவே இல்லன்னா உள்ள கெட ஆரம்பிச்சாச்சு. அன்னிக்கே சொல்லணும்." அந்த 'அன்னிக்கே' என்பதற்கு அடியில் என் நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

வேலை மாடம்பாக்கத்தில் கிடைத்தது. சிவன் கோயிலைத் தாண்டி இரண்டாவது தெருவில் மூன்று மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து இல்லம் நடத்துகிறார்கள். முதல் மாடியில் பதினொரு கட்டில். பகல் ஷிஃப்ட்டுக்கு நானும் ஜோசலினும். ஜோசலினுக்கு இருபத்தாறு வயதுதான், ஆனால் அங்கே நான்கு வருஷம் சர்வீஸ். தூக்கிவிட இருந்த துரை, நான் சேர்வதற்கு முந்தின வாரம் நின்றுவிட்டான். வேறு ஆள் போடுகிறேன் என்று மேனேஜர் மெர்வின் சார் சொன்னார். இன்றுவரை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஏழாம் கட்டிலில் ரத்தினபாய் டீச்சர். தாம்பரத்தில் முப்பது வருஷம் கணக்கு டீச்சர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. அந்தப் பக்கம் கிள்ளினாலும் தெரியாது. பேச்சும் போனதுதான், ஆனால் தினமும் சாயங்காலம் நான்கு மணி ஆனால் ஒரு கூத்து நடக்கும். குழறலாக அட்டெண்டன்ஸ் எடுப்பார். "அமலா... புஷ்பம்... தேன்மொழி..." யாராவது பதில் சொல்லும் வரை அதே பெயரை விடமாட்டார். நான் பெட்பேனைக் கையில் வைத்துக்கொண்டே, "பிரசன்ட் டீச்சர்!" என்பேன். மூன்று பெயருக்கும் நானே பிரசன்ட். டீச்சர் ஒரு பக்க வாயால் சிரிப்பார். எனக்கு அந்த வேலையில் பிடித்த நேரம் அது ஒன்றுதான்.

ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு ஃபைல் தொங்கும். அதற்குள் திருப்பிப் போடும் சார்ட். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு, ஆறு என்று மணிக்கு ஒரு கட்டம். எந்தப் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் காலை எட்டேகாலுக்கே ஜோசலின் பதினொரு ஃபைலிலும் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் எழுதி முடித்துவிட்டாள்.

"இன்னாம்மா இது, இன்னும் பத்து மணியே ஆவல, ஆறு மணிக்கு இடது பக்கம்னு போட்டுக்கினு கீற?"

"சாய்ங்காலம் எழுத யாருக்குக்கா நேரம் கீது? சோறு ஊட்டறதா, டயாபர் மாத்தறதா, இத்த எழுதிக்கினு கெடக்கறதா? சும்மா போட்டுக்கோ. திருப்பறப்போ திருப்பிக்கலாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. திருப்பியதற்கு மட்டும் எழுதினேன், மற்றதை வெறுமையாக விட்டேன். டீச்சர் கனமான உடம்பு, ஒரு ஆளால் திருப்ப முடியாது. அதனால் அவர் சார்ட்டில்தான் வெறும் கட்டம் அதிகம். மூன்றாம் நாள் மெர்வின் சார் கூப்பிட்டார்.

"என்ன செல்வமேரி, இத்தனை பிளாங்க்? ஃபேமிலி பார்த்தா என்ன நினைப்பாங்க? எழுதலன்னா செய்யலன்னு அர்த்தம்."

"செய்யல சார். அதான் எழுதல."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப ஹானஸ்ட். நல்லது. அப்போ நாளையிலேர்ந்து ஹானஸ்டா வீட்ல இருங்க." நான் மாடிக்கு வந்து, அந்த வெறும் கட்டங்களை எல்லாம் நிரப்பினேன். என் வாய் நீளமெல்லாம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. மறுநாளிலிருந்து நானும் எட்டேகாலுக்கே ஆறு மணியை எழுதினேன். முதலில் கை கூசியது, அப்புறம் பழகிவிட்டது.

போன புதன்கிழமை டீச்சரை ஒருக்களித்துப் பிடித்து முதுகு துடைத்தபோது பார்த்தேன். வால் எலும்புக்கு மேலே, இடது பக்கமாக, ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. கட்டை விரலால் அழுத்தினேன். எடுத்தேன். வெளுக்கவில்லை. இன்னொருமுறை அழுத்தினேன். அப்படியே இருந்தது.

"ஜோசலின், இங்க பாரு."

அவள் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"சார்கிட்ட சொல்லிடலாம், டாக்டரு வந்து பாக்கட்டும்" என்றேன்.

"சொல்லி? மொதல்ல ஃபைலத்தான்கா எடுப்பாரு. ரெண்டு மணிக்கு ஒருக்கா திருப்பிக்கீறோம், நம்ம கையெழுத்து கீது. அப்பறம் எப்டி வந்துச்சுன்னா இன்னா சொல்லுவ?" சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள். "பேஜாரு புட்ச்ச வேலக்கா. நெஜமாவே திருப்புவோம் இனிமே. ஆறிடும். ஆறிடும்கா."

புண் வந்திருக்கிறது என்றால் சார்ட் பொய். சார்ட் உண்மை என்றால் புண் வந்திருக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் வெளியே சொல்ல முடியும், சார்ட்டில் இருப்பது என் கையெழுத்து. ராத்திரி ஷிஃப்ட்டுக்காரர்களும் டயாபர் மாற்றும்போது பார்த்திருப்பார்கள். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் கையெழுத்தும் அதே தாளில்தான் இருந்தது.

வியாழனும் வெள்ளியும் நாங்கள் இரண்டு பேரும் மூச்சிறைக்க டீச்சரை நிஜமாகவே திருப்பினோம். முட்டுக்கொடுக்கத் தலையணை போதாமல் என் சால்வையை மடித்து வைத்தேன். வெள்ளி சாயங்காலம் சிவப்பு கொஞ்சம் மங்கியதாகப் பட்டது. டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுத்தபோது சந்தோஷத்தில் "பிரசன்ட்" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில் அம்மா தூக்கிவாரிப் போட்டு விழித்துக்கொண்டார்.

சனிக்கிழமை கீழ் மாடியில் ஒரு பெரியவர் பாத்ரூமில் விழுந்துவிட்டார். ஜோசலினை அவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பதினொரு பேருக்கு நான் ஒருத்தி. அன்று டீச்சரை ஒருமுறைகூடத் திருப்பவில்லை. சார்ட்டில் ஆறுமுறை திருப்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு வழக்கம் உண்டு. குடும்பத்தார் சர்ச் முடிந்து பார்க்க வருவார்கள் என்று, படுக்கையில் கிடப்பவர்களுக்கும் நல்ல புடவை கட்டி, பவுடர் போட்டு, காலை ஒன்பதுக்கே வீல்சேரில் உட்காரவைத்து ஹாலில் வரிசையாக நிறுத்திவிட வேண்டும். உட்கார்ந்தால் உடம்பின் பாரம் முழுக்க எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். ரேஷ்மா மேடம் படமே போட்டுக் காட்டியிருக்கிறார்.

"டீச்சரை இன்னிக்கு வேணாம் சார், டயர்டா இருக்காங்க" என்றேன்.

"மகன் வர்றார் செல்வமேரி. படுத்திருந்தா ஆயிரம் கேள்வி கேட்பார்" என்றார் மெர்வின் சார்.

உட்காரவைத்தோம். மகன் தயாளன் சார் பத்தரைக்கு வருவார் என்றார்கள். சர்ச்சில் ஏதோ கூட்டமாம், ஒன்றரைக்கு வந்தார். நாலரை மணி நேரம். டீச்சர் ஒரு முனகல்கூட முனகவில்லை. அந்தப் பக்கம் உணர்ச்சி இருந்தால்தானே முனகுவதற்கு. நான்தான் அந்த நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன்.

தயாளன் சார் நல்ல மனிதர். அம்மாவின் தலையைக் கோதிவிட்டார். அறைக்குள் வந்து கட்டிலின் கால்மாட்டில் இருந்த ஃபைலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். "எவ்வளவு ஒழுங்கா மெயின்டெயின் பண்றீங்க சிஸ்டர்! நான் வீட்ல வச்சுப் பார்த்திருந்தாக்கூட இப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்" என்று சொல்லி, ஒரு துண்டு பிளம் கேக்கை டிஷ்யூவில் வைத்து என் கையில் கொடுத்தார். அப்போது நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். மெர்வின் சார் கீழே இருந்தார். ஒரு வாக்கியம் போதும். 'சார், அம்மாவுக்கு முதுகுல புண்ணு.' தொண்டை வரைக்கும் வந்தது. வானத்தில் ஏர்ஃபோர்ஸ் விமானம் ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். போனது. "தேங்க்ஸ் சார்" என்றேன்.

திங்கட்கிழமை நாற்றம் வந்துவிட்டது. சிவப்பு இருந்த இடம் கறுத்து, நடுவில் கொழகொழவென்று இருந்தது. அன்று காலை ஒருமுறை திருப்பிக் கட்டுப் போட்டோம். சாயங்காலம் தொடவே பயந்துகொண்டு அப்படியே விட்டோம். ஜோசலின் ரூம் முழுக்க ஃபினாயில் தெளித்தாள். புதன்கிழமையே சொல்லியிருந்தால் சார்ட்டுக்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது தயாளன் சாரின் முகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பாவி நான், வேறென்ன சொல்ல.

செவ்வாய்க்கிழமை, அதாவது நேற்று, நான்கு மணி ஆனது. ஏழாம் கட்டிலிலிருந்து சத்தம் இல்லை. கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த கை நின்றது. நான்கு ஐந்து. நான்கு பத்து. கிட்டே போய்க் குனிந்து, "பிரசன்ட் டீச்சர்" என்றேன். கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. நெற்றி கொதித்தது, மூச்சு நாய்க்கு இரைப்பதுபோல் இரைத்தது. மாடிப்படியிலேயே நின்று, "சார், ஆம்புலன்ஸ்!" என்று கத்தினேன்.

ஐந்தேகாலுக்கு ஆம்புலன்ஸும் தயாளன் சாரும் ஒன்றாக வந்தார்கள். ஆம்புலன்ஸ் நர்ஸ் ஒரு சின்னப் பையன்தான். டீச்சரைப் புரட்டிக் கட்டைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தயாளன் சார் எட்டிப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மெர்வின் சார் முந்திக்கொண்டார். "சார், எங்க சைடுல ஒரு குறையும் இல்ல. எவ்ரி டூ அவர்ஸ் திருப்பியிருக்கோம். நீங்களே பாருங்க." ஃபைலை எடுத்து அவர் கையில் திணித்தார்.

தயாளன் சார் விரலை வைத்துக் கீழே கீழே படித்துக்கொண்டு வந்தார். எட்டு. பத்து. பன்னிரண்டு. இரண்டு. நான்கு. விரல் கடைசிக் கட்டத்தில் வந்து நின்றது. அவர் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து இருபது.

"ஆறு மணி, இடது பக்கம்" என்று வாய்விட்டுப் படித்தார். "இது யார் கையெழுத்து?"

"அது கிளரிக்கல் மிஸ்டேக் சார்..." என்றார் மெர்வின் சார்.

"என்னுது சார்" என்றேன். ஜோசலின் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்த நர்ஸ் பையன் நிமிர்ந்தான். "அக்கா, அந்தப் பேப்பர் கெடக்கட்டும். டாக்டர் கேப்பாரு, கரெக்டா சொல்லுங்க. கடைசியா எப்போ திருப்புனீங்க? புண்ணு எத்தினி நாளா கீது?"

"திருப்புனது நேத்து காலைல. புண்ணு புதன்கிழமைலேர்ந்து."

அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டான். ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். டீச்சரின் வலது கை பெல்ட்டுக்கு வெளியே தொங்கியது. அதை உள்ளே எடுத்து வைத்தேன். சூடாக இருந்தது, என் விரலைப் பிடிக்கவில்லை.

தயாளன் சார் கூடவே போகவில்லை. ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"ஞாயித்துக்கிழமை நான் வந்தேனே, சிஸ்டர்" என்றார்.

"ஆமா சார்" என்றேன். "வந்தீங்க. கேக் குடுத்தீங்க."